அக்கா தூக்கிப் போடாத தட்டு

1

அக்காவைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட கதை இது. அவள் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது வேலை. துணி மடித்துக்கொண்டே ஒருநாள், "போன மாசம் பெரிய டாக்டரோட சண்டை போட்டேன்டி" என்றாள். யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

'மழை கொட்டிய அந்தக் காலையில், பிஞ்சு உயிரொன்று…'

(விட்டுவிட்டேன். மழையே பெய்யவில்லையாம்.)

நடந்ததையே சொல்கிறேன். பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும் என்று வழக்கமான மருந்தைப் போட்டார்கள். இரண்டு நாளாகியும் பலனில்லை. அதன் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் அக்கா வெளிர்மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள்.

"ரத்தம் எடுக்கறப்போ வெளியிலேர்ந்து ஒட்டினதா இருக்கும். தூக்கிப் போடுங்க."

"தோல்ல இருக்கிற கிருமி மாதிரி தெரியல சார். இன்னொரு தடவை ரத்தம் அனுப்புங்க."

"கைல குத்த இடமே இல்லம்மா."

"கால்ல பாருங்க சார். நான் மேலே வந்து கேக்கணுமா?"

(கடைசி வரி என் கைச்சரக்கு என்று நினைப்பீர்கள். சத்தியமாக அவள் சொன்னதுதான்.)

3

இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு துணிச்சலா? கேட்டேன்.

"பயந்துட்டேதான் கேட்டேன்டி. வெறும் அழுக்கா இருந்தா, என்னாலதானே குழந்தைக்கு இன்னொரு குத்து?"

இரண்டாவது ரத்தத்திலும் அதே மஞ்சள். பதினேழு வருஷத்தில் அவள் ஒரே ஒருமுறை பார்த்திருந்த கிருமி. பெயர் சரக்கு ரயில் நீளம். தட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தாள். வழக்கமான மருந்தை ஒட்டிக் கிருமி சொகுசாக வளர்ந்தது. வேறொரு மருந்தைச் சுற்றி மட்டும் வட்டமாக விலகி நின்றது. டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். நான்காம் நாள் குழந்தை பால் குடித்தது.

அக்கா அதோடு விடவில்லை. வார்டில் கை கழுவும் குழாயைச் சோதித்தாள். அங்கேயும் அதே கிருமி! குழாயை மாற்றினார்கள்.

டாக்டர் ஆய்வகத்துக்கே இறங்கி வந்தார். "நல்லவேளை, நான் சொன்னதை நீங்க கேக்கல."

4

இனி முடிவு. என் முதல் முடிவில், குழந்தையின் அம்மா ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து அழுதாள். படித்துக் காட்டினேன்.

"அந்தம்மாவுக்கு நான் ஒருத்தி இருக்கிறதே தெரியாதுடி. குழந்தை முகத்தை நானும் பாத்ததில்ல."

"வருத்தமா இல்லையா?"

"நாப்பது தட்டு காத்துக்கிடக்கு. விடு, கிளம்பணும்."

மூன்று வார மருந்து முடிந்து குழந்தை நாளை வீட்டுக்குப் போகிறது, ஆய்வக வாசலைத் தாண்டித்தான். அக்கா வெளியே வந்து பார்ப்பாளா, தட்டுகளின் மேல் குனிந்திருப்பாளா? அதை நான் எழுதப்போவதில்லை, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வரி போதும்: அவள் என் அக்கா.