ரெண்டு ஆள் வேலை

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிடா, கை நுழைய மாட்டேங்குது."

அக்காக்காரி சட்டைக் கையை விரித்துப் பிடித்திருந்தாள். தம்பிக்காரன், அக்கா வீட்டுக்காரரான மாமாவின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான். விடியற்காலையில் பல் தேய்க்க எழுந்த மனுஷன், "நெஞ்சை என்னமோ பண்ணுதுடி" என்றாராம். அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து உரமேறிய கை, இப்போது சட்டைக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அக்கா, நான்..."

"பட்டனைப் போடு."

அவன் உடம்பில் ஆரஞ்சுச் சட்டை. புதுக் கம்பெனிச் சட்டை. டூட்டிக்குக் கிளம்பியவன் செய்தி கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தான். அக்கா அதை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கழற்றி எறிந்துவிட்டு வரத் தோன்றவில்லையே, அறிவு கெட்டவனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அக்காவைக் கட்டிய கையோடு இவனையும் இழுத்துப் போய் வேலையில் சேர்த்துவிட்டவர் மாமா. அன்றிலிருந்து ஒரே வண்டி, ஒரே டிபன் பாக்ஸ். பழைய கம்பெனியில் எந்த ரிப்பேருக்கும் ரெண்டு ஆள் போகணும். ஒருத்தர் உச்சியில் மெஷின் ரூமில், ஒருத்தர் கீழே லிஃப்ட் கதவோரம். கீழேயிருந்து குரல் வந்தால்தான் மேலே பிரேக்கை விடலாம். முழங்கால் வலி என்று மாமா எப்போதும் கீழேதான். மேலேயிருந்து இவன், "மாமா, விடவா?" என்பான். "விடுடா மச்சான்" என்று பதில் ஏறி வரும்.

சமீபத்தில் கம்பெனி கை மாறியது. வந்தவர்கள் புது ஒப்பந்தத்தை நீட்டினார்கள். இனி ஒரு வேலைக்கு ஒரு ஆள்தான். கூப்பிட்டால் உடனே போகணும். பெற்றவர்கள், பெண்டாட்டி, பிள்ளை செத்தால் மட்டும் லீவு. மாமா அதைச் சத்தம் போட்டுப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாத்தியாடா மச்சான், நான் மண்டையப் போட்டா உனக்கு லீவு கிடையாதாம். நீ எனக்குச் சொந்தமே இல்லையாம்!"

ரெண்டு பேருமே கையெழுத்துப் போடுவதில்லை என்றுதான் பேச்சு. மாமா உள்ளே போனார், முடியாது என்றார், வேலையை விட்டுவிட்டு வந்தார். அடுத்து உள்ளே போனவன் இவன். வீட்டில் சின்னச் சின்னதாய் ரெண்டு பிள்ளைகள். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டான். வெளியே வந்தபோது மாமா திட்டவில்லை. வண்டிச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு நடந்தார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. காலில் விழுந்தாவது பேசிவிடணும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டே கெட்டான்.

மதியம் சுடுகாட்டு வண்டி வரும் என்றார்கள். ஐந்தாவது மாடி. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது, படி வழியாகத்தான் இறக்கணும். "ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வச்ச ஆளு, படியில போறாரு பாரு" என்று எதிர் வீட்டு டிரைவர் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஸ்ட்ரெச்சருக்கு நாலு மூலை, நாலு ஆள். டிரைவரும் மாமாவின் அண்ணன் பிள்ளைகள் ரெண்டு பேரும் தயாராக நின்றார்கள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "தலைமாட்டுல நீ பிடி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து பழியாய்க் கிடந்தான். மாமாவிடம் கேட்க முடியாத மன்னிப்பை இப்படியாவது கேட்டுவிடலாம். சரி என்று தலையாட்டும்போதே போன் அடித்தது. டூட்டி போடுகிற பெண்.

"சார், ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உடனே போகணும்."

"எங்க மாமா தவறிட்டாரும்மா. எங்க அக்கா வீட்டுக்காரர்."

கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் குரல் இறங்கியது. "சார், மன்னிச்சுக்கோங்க. அது லீவுல வரலை."

"வேற யாரையாச்சும் அனுப்பும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அந்தப் பக்கம் நீங்க ஒருத்தர்தான் சார். உள்ள ஒரு அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க. ஆஸ்துமாவாம். மூச்சு முட்டுதுன்னு அழறாங்க சார்."

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த மூச்சு முட்டல்தான் தடுத்தது. நிமிர்ந்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"போ."

"அக்கா, வண்டி வர்ற நேரம்..."

"உள்ள ஒரு மனுஷி தவிச்சிக்கிட்டு இருக்கா. போடா."

அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மாமாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ரெண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்கம்மா, வந்துட்டேன்" என்றான். உள்ளேயிருந்து இழுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. உச்சிக்கு ஓடினான். மின்சாரத்தை நிறுத்தினான். லிஃப்டைக் கையால் இறக்கும் சக்கரத்தில் ஒரு கை, பிரேக்கில் ஒரு கை.

"மாமா, விடவா?"

வாய் அதுபாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டது. கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. கீழே யாருமில்லை. இனிமேல் எந்தக் கட்டிடத்திலும் யாரும் இருக்கப்போவதில்லை. ஐயோ மாமா என்று அப்படியே நின்றுவிட்டான்.

கீழேயிருந்து, கயிறுகளுக்கு நடுவே, மெலிந்த குரல் ஒன்று ஏறி வந்தது. "விடுப்பா... சீக்கிரம் விடு."

ஆரஞ்சுச் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கை விட்டான். கொஞ்சம் சுற்றுவது, இறங்கி ஓடிப் பார்ப்பது, மறுபடி ஏறி வந்து சுற்றுவது என்று ஒருத்தனாகவே அல்லாடி முடித்துக் கதவைத் திறந்தபோது, அந்த அம்மா வியர்வையில் நனைந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இவன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நல்லா இருப்பே சாமி. யாரோ மாமான்னு கூப்பிட்டியே, அவருகிட்டயும் சொல்லிடு."

"சொல்றேம்மா" என்றான்.

அவன் திரும்பி வந்தபோது வாசலில் வண்டி இல்லை. கூட்டமும் இல்லை. கடைசிப் படியில் அக்கா ஒருத்தி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சுக்கா."

தலையாட்டினாள். அவன் வெறும் வாசலைப் பார்த்தான். "எடுத்துட்டாங்களா?"

"இப்பதான். வண்டிக்காரன் ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேன்னுட்டான்."

"தலைமாட்டுல யாருக்கா பிடிச்சது?"

"பிடிக்கறேன் பிடிக்கறேன்னு ஆளாளுக்கு வந்தாங்க. அது என் தம்பி எடம், எவனும் கைய வைக்கக் கூடாதுன்னுட்டேன். நானே பிடிச்சேன்."

"அஞ்சு மாடியுமா?"

"பின்ன? பாதியில வச்சுட்டு வருவாங்களா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அக்கா அவனை அழவிட்டாள்.

"வண்டியை எடு. தம்பி வந்ததும் ரெண்டு பேருமா சுடுகாட்டுக்கு வர்றோம்னு சொல்லி அனுப்பியிருக்கேன். நம்மளப் பாக்காம ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

எழுந்திருக்கக் கை நீட்டினாள். உள்ளங்கை முழுக்க இரும்புக் கம்பியின் தடம் சிவந்து கிடந்தது, விரலடியில் தோல் உரிந்திருந்தது. வலிக்குமே என்று அவன் பட்டும் படாமல் பிடித்தான். அவள் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு எழுந்தாள்.