பால் சேராத பிள்ளை

நல்லேப்பிள்ளி ஊரில், சென்னிமலைக் கவுண்டர் வீட்டில் கறவை மாடுகளுக்குக் குறைவே இல்லை. அந்த வீட்டில்தான் ஒரு பிள்ளை பால் குடித்துக் குடித்தே செத்துக்கொண்டிருந்தது.

விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அது. கவுண்டரின் மனைவி மருதாத்தாள் காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்தாள். ஆனால் முலைப்பால் வற்றிப்போயிற்று. தவழும் பருவத்திலிருந்த அப்புசாமிக்குப் பசும்பாலைச் சங்கில் புகட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வயிற்றுப்போக்கு வந்தது. அது நின்ற மாதிரி இருந்ததே தவிர நிற்கவில்லை. பால் உள்ளே இறங்கிய கொஞ்ச நேரத்தில் வயிறு கல்லென்று உப்பிவிடும். காலை மடக்கிக்கொண்டு பிள்ளை வீறிடும். நுரைநுரையாய், புளித்த வாடையோடு பீய்ச்சியடிக்கும். பட்ட இடமெல்லாம் தோல் வெந்து சிவந்தது.

ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். வண்ணார் வீட்டுக் கழுதைப்பாலும் வந்தது. வைத்தியர் தம் மருந்தையும் பாலில்தான் குழைத்தார். கண்கள் குழிக்குள் போய், உச்சிக்குழியும் பள்ளம் விழுந்தபோது, அவர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

"பால் பத்தாமத்தான் இப்பிடி வத்துது. இன்னுங் கொஞ்சங் குடு" என்றாள் கமலாத்தாள். கவுண்டரின் அக்காள்; வீட்டை ஆள்பவள்.

அன்று வெயிலில் காலைப்பால் திரிந்துபோயிருந்தது. பிள்ளை காய்ந்த உதட்டை நக்கியது. வேறு வழி தெரியாமல் மருதாத்தாள் வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புக் கல் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். பிள்ளை விழுங்கியது. அவள் அதன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இதோ உப்பிவிடும், இதோ உப்பிவிடும் என்று பார்த்துக் கிடந்தாள். உப்பவில்லை. பிள்ளை அழாமல் தூங்கிற்று.

சாயங்காலம் புதுப்பால் கறந்து கமலாத்தாளே புகட்டினாள். வயிறு மறுபடி கல்லானது. பிள்ளைக்கு வீறிடவும் தெம்பில்லை. பூனைக்குட்டி மாதிரி முனகியது.

மறுநாள் காலையில் மருதாத்தாள் பிள்ளையையும் கஞ்சிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"கவுண்டனூட்டுப் புள்ளைக்குக் கஞ்சித் தண்ணியா? கொல்லப் பாக்கறியாடி?" கமலாத்தாள் கதவை இடித்தாள்.

கவுண்டர் வயலிலிருந்து ஓடி வந்தார். "ஏம்புள்ள, கதவத் தொற."

"பால் குடுக்க மாட்டோம்னு சொல்லுங்க, தொறக்கறனுங்க."

"பாலில்லாம எப்பிடிப் புள்ள பொழைக்கும்?"

"நீங்க ஏனுங்க பால் குடிக்கறதில்ல?"

அவர் தயங்கினார். "குடிச்சா வகுறு கடமுடாங்குது. கொல்லைக்கு ஓடோணும். மோருன்னா ஒண்ணும் பண்றதில்ல."

"உங்களுக்கே அப்பிடின்னா இந்தப் பிஞ்சு வகுறு என்னுங்க பண்ணும்? சாகறதுன்னா வலியில்லாமச் சாவட்டும். உட்டுருங்க."

பிறகு கவுண்டர் குரல் கேட்டது: "அக்கா, அந்தப் பாலை எடுத்துட்டுப் போ."

அன்று முழுக்க அவள் மடியைவிட்டுப் பிள்ளையை இறக்கவில்லை. ஒரு முறை கஞ்சியைக் கக்கியது. செய்த காரியம் தப்போ என்று சட்டியைத் தள்ளி வைத்தாள். மறுபடி சொட்டு விட்டாள். பொழுது சாயும்போது மடியில் ஈரம் கதகதத்தது. வற்றிக் கிடந்த பிள்ளை சிறுநீர் விட்டிருந்தது. அவள் நனைந்த சேலையை முகத்தில் ஒற்றிக்கொண்டு தேம்பினாள்.

கஞ்சி ராகிக் கூழாயிற்று, கூழில் பருப்புத் தண்ணீர் சேர்ந்தது. வெகுநாள் கழித்து ஒரு கரண்டி மோர் கொடுத்துப் பார்த்தாள். வயிறு தாங்கியது. தைமாசம் அப்புசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இனிப் பயமில்லை என்று ஆன பிறகுதான் மூத்தவள் வந்து நின்றாள், மருதாத்தாளின் மனதில். இவனுக்கு முன்னே பிறந்து, இதே புளித்த வாடையோடு போய்ச் சேர்ந்த பெண். கடைசி மூச்சு வரைக்கும் அவள் வாயில் பால்தான் ஊற்றினார்கள். மருதாத்தாள் தொழுவத்துச் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

கமலாத்தாள் வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மூத்தவளுக்கும் நாந்தான் பால் ஊத்துனேன், மருதா" என்றாள்.