192 என்று அடித்த கை

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து பிறந்தது. இரண்டாயிரத்து ஒன்று, அமெரிக்காவின் சன்னிவேல். எங்கள் அபார்ட்மென்ட் சமையலறையில் நடந்த சண்டை. முதல் வரியாக ‘ரவுட்டர் ஓர் இயந்திரம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். ‘பிச்சுமணி அங்கிள் நல்லவர்’ என்று எழுதினேன். அது உண்மை. அதனாலேயே முதலில் வைக்கப் பயமாக இருக்கிறது.

2

ஆகவே இயந்திரம்.

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண். ரவுட்டர் அதையும் மாஸ்க் என்னும் இன்னோர் எண்ணையும் ஒன்றுகளும் பூஜ்யங்களுமாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். மாஸ்க்கில் ஒன்று இருக்கும் இடங்களை அப்படியே விடும். பூஜ்யம் இருக்கும் இடங்களைப் பூஜ்யமாக்கும். மிஞ்சுவது நெட்வொர்க் முகவரி. செய்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

அப்பாவின் ஆபீஸ் மாடிக்கு நெட்வொர்க் 128. (முகவரியில் கடைசி எண்ணை மட்டும் சொல்கிறேன். 128 என்பது 10000000, 192 என்பது 11000000, 200 என்பது 11001000.) மாஸ்க்கும் 128. சம்பளக் கணினி 200. மாஸ்க்கை வைத்தால் 128 மிஞ்சும், மாடிக்குப் போகும். மாஸ்க்கில் யாரோ 192 என்று அடித்துவிட்டார். இப்போது மிஞ்சுவது 192. அப்படியோர் இடம் ரவுட்டருக்குத் தெரியாது. செய்தியைக் கைவிட்டுவிடும்.

3

‘யாரோ’ என்பது பொய். அப்பாவோடு வேலை செய்யும் அங்கிள்தான், அப்பாவின் பாஸ்வேர்டில் நுழைந்து. பிறகு சரிபார்க்க, கீழ்த் தளத்திலிருந்து, மாடியிலிருக்கும் தன் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அதன் எண் 140, அதாவது 10001100. தப்பான மாஸ்க்கிலும் 128தான் மிஞ்சும். பதில் வந்தது; கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். யாருக்கும் சம்பளம் போகவில்லை.

ஆட்குறைப்பு நேரம். மாஸ்க்கை மாற்றியது யார் என்று திங்கட்கிழமை மேனேஜர் கேட்பார்; பதிவில் இருப்பது அப்பாவின் பெயர். பெயர் வருகிறவருக்கு வேலை போகும், வேலையோடு விசாவும்.

4

“டெஸ்ட் பண்ணியா, இல்லையா?” அப்பா, எங்கள் சமையலறையில்.

“பண்ணேன் பாலு. என் மெஷின் ஜம்முனு பதில் சொல்லுச்சு.”

“சொல்லும். உன்ன மாதிரியே எல்லாத்துக்கும் தலையாட்டும்!”

“மெதுவா பேசுங்க,” என்றாள் அம்மா. “உங்கள ரெஃபர் பண்ணி இங்க சேத்துவிட்டதே அவர்தான்.”

“என் க்ரீன் கார்டு பாதில நிக்குது, பாலு.”

“என்னுது?”



5

முடிவு ஒன்று: அப்பா உண்மையைச் சொல்கிறார். நாங்கள் தங்குகிறோம். அங்கிள் வீட்டுப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க அம்மா போகிறாள், போய்

(முடியவில்லை.)

முடிவு இரண்டு: அப்பா வாய் திறக்கவில்லை. (அவரை மிகவும் நல்லவராக்கிவிட்டேன். நம்பமாட்டீர்கள்.)

முடிவு மூன்று: அங்கிள் தானாகவே

6

திங்கட்கிழமை. மேனேஜர் கேட்டுவிட்டார். இருவரும் நிற்கிறார்கள்.

எனக்கு ஒருவர் அப்பா. உங்களுக்கு இருவருமே அந்நியர்கள். நீங்கள் சொல்லுங்கள், யார் பேச வேண்டும்?