முதலாளிக்குத் தீனி

என் மாமனாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. இரண்டையும் மாற்றிவிடலாம், நடுவில் மூன்று மாதம் இடைவெளி விட்டால் போதும் என்றார் டாக்டர். மாமனார் ஒன்றுக்குத்தான் தலையாட்டினார். நாற்பது வருடம் எடைமேடையில் லாரிகளை ஏற்றி இறக்கிப் பார்த்தவர், எதையும் ஒரே தடவையில் நம்பிவிட மாட்டார்.

"முதல்ல ஒரு காலைப் பண்ணிக்கிறேன். திரும்பி வர்றப்ப முதலாளி எப்படி இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் மத்த காலைப் பத்திப் பேசலாம்."

ஜவுளிக் கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். சாம்பிள் பார்த்துவிட்டு மூட்டைக்குச் சொல்கிறவரை நான் எப்படிக் குறை சொல்வது?

முதலாளி என்பது அவருடைய மீன். ஆஸ்கார் ஜாதி. ஒரு அடி நீளம், ஒன்பது வயது. மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அவரோடு சரிக்குச் சரி முறைத்துக்கொள்ள மிஞ்சியிருந்த ஒரே ஜீவன். அதை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை என்றுதான் ஒரு வருடமாகச் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். கடைசியில் "நாங்க பார்த்துக்கறோம்ப்பா" என்று சொன்னது அவர் மகள். அவர் பார்த்தது என்னை.

மீன் எங்கள் கூடத்துக்கு வந்தது. மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து என் மச்சினன் வீட்டுக்குப் போனார். அங்கே படி ஏற வேண்டியதில்லை.

முதலாளி உயிருள்ள மீனைத் தவிர வேறு எதையும் மதிக்கமாட்டார். மாமனார் வாங்குகிற கடையில் இரைமீன் விலை கொஞ்சம் அதிகம். இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் பாதி விலைக்குக் கொடுத்தான். எனக்குப் பாதி விலை என்று காதில் விழுந்தால் கால் தானாகத் திரும்பும். நான்காம் நாள் முதலாளியின் உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. இரைமீனோடு கூடவே வந்த வியாதி.

தண்ணீரில் உப்புப் போட்டேன், சூடேற்றினேன், பத்து நாளில் புள்ளி போய்விட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு மண்புழுவை, வேண்டாதவர் வீட்டில் காபி குடிப்பது போல, வாயில் வைத்துப் பார்ப்பார். பாதியைத் துப்பிவிடுவார்.

தினமும் காலை எட்டு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டானா மாப்பிள்ளை?"

"சாப்பிட்டான் மாமா."

என் மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் நான் மெலிந்திருக்கிறேன்.

கடைசியில் மாமனாரின் பழைய கடைக்காரரிடமே போய் நின்றேன். "வாங்கிப் போடறதை விடுங்க" என்றார் அவர். "வீட்டுல வளர்த்துப் போடுங்க. கைதி மீன் வாங்கிக்குங்க. ஒரு ஜோடி போதும், முட்டை போட்டுக் குட்டியாத் தள்ளிடும். உங்க தண்ணி, உங்க குட்டி, வியாதிக்கு வழி இல்லை."

கைதி மீன் என்பது சிக்லிட் என்ற மீன் இனத்தில் ஒரு வகை. சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை, ஜெயில் சட்டை மாட்டியது போல. தொட்டியில் இருபது முப்பது சுற்றிக்கொண்டிருந்தன.

"எப்படிண்ணே விலை?"

"பெருசோ சிறுசோ ஒரே விலைதான். நீங்களே பார்த்து எடுங்க."

பெரிதுக்கும் சிறிதுக்கும் ஒரே விலை என்றால் எங்கள் வம்சத்தில் எவனும் சிறிதை எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. தொட்டியைச் சுற்றி வந்து, வலையை நானே வாங்கி, இருப்பதிலேயே பெரிதாக இரண்டு எடுத்தேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விலையை ஏற்றப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"கொசுறு ஒண்ணு போடுங்க."

"மீனுக்கு ஏதுங்க கொசுறு? துணியா, ஒரு முழம் சேர்த்துக் கிழிக்கிறதுக்கு?"

"ஒன்பது வருஷமா எங்க மாமா உங்க கடைக்கு வர்றார்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு மூலையில் வலை விட்டு, பாதி அளவுகூட இல்லாத ஒன்றைப் பையில் போட்டார். வால் ஓரம் கிழிந்திருந்தது. வயிற்றில் துரு ஏறியது போல ஆரஞ்சு நிறம். பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

சின்னத் தொட்டி, உள்ளே படுக்கவைத்த ஒரு மண்சட்டி. பெரியது இரண்டும் உள்ளே இறங்கிய நிமிஷமே வாயோடு வாய் கவ்விக்கொண்டன.

"எவ்வளவு பாசம் பாரு" என்றேன்.

"ஏங்க, அது கடிக்குது" என்றாள் மனைவி.

மூன்று நாள் இதே கூத்து. செதில் பறந்தது. நாலாம் நாள் ஒன்று சட்டியைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று சூடேற்றிக்குப் பின்னால் ஒளிந்து மூச்சு வாங்கியது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது ரெண்டும் ஆம்பளைங்க. பெருசா இருக்கிறது ஆம்பளை, பொம்பளை சிறுசா இருக்கும். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க?"

"இப்ப பொம்பளைக்கு என்ன பண்றது?"

"அதான் கொசுறுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே. வயித்துல ஆரஞ்சு இருக்குல்ல?"

அன்று ராத்திரி என் மனைவி சாப்பாடு போடும்போது, "நீங்க என்னைப் பார்க்க வந்தப்போ எங்க அக்காதான் உயரம்னு முதல்ல அவளைத்தானே கேட்டீங்க" என்றாள். பன்னிரண்டு வருடம் பூட்டி வைத்திருந்த சரக்கு.

தோற்றவனைப் பக்கெட்டில் போட்டுக் கடைக்கே திருப்பினேன். அடுத்த வாரம் சட்டியின் உள்சுவரில் கசகசா ஒட்டியது போல முட்டை. கிழிந்த வாலை ஆட்டி ஆட்டி அந்தச் சிறிய தாய் முட்டைக்குத் தண்ணீர் விசிறிக்கொண்டே இருந்தது. ஆண் வாசலில் காவல். ஒரு வாரம் போனதும் தூசு போல ஒரு கூட்டம் தாயின் வயிற்றடியில் நீந்தியது. மனைவி வெந்த முட்டை மஞ்சளைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊற்றினாள். ஒரு குட்டி ஓரமாக ஒதுங்கினால் தாய் போய் அதை வாயில் கவ்வி வந்து நடுவில் துப்பும். நாங்கள் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டோம்.

அந்தப் பக்கம் முதலாளி மெலிந்துகொண்டிருந்தார். நெற்றி குழிந்து, முதுகு கத்தி போல ஆனது. காலை எட்டு மணிக்கு நான் "சாப்பிட்டான் மாமா" என்று சொல்லும்போது அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு வாரத்தில் குட்டிகள் சுண்டுவிரல் நகம் அளவு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வலையை எடுத்தேன்.

"நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள் மனைவி. போகவில்லை. "தாய் அந்தப் பக்கம் திரும்புறப்ப எடுங்க."

தாய் திரும்பவில்லை. நேராக வந்து வலையை இடித்தது, பிறகு என் விரலைக் கடித்தது. வலிக்கவில்லை, ஆனால் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து குட்டிகளை எடுத்துப் பெரிய தொட்டியில் விட்டேன்.

முதலாளி அசையவில்லை. ஒரு கண்ணை மட்டும் உருட்டினார். குட்டிகள் மூலைக்குப் போயின. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், மனைவி சுவரில் சாய்ந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். மூலையில் நான்குதான் இருந்தன. எப்போது நடந்தது என்று இருவருமே பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் மூலை காலி.

மூன்றாம் மாதக் கடைசியில் மாமனார் கைத்தடியோடு வந்தார். உட்காரவில்லை. தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியில் இழை விட்டிருந்தால் வாங்குகிறவர் விரல் படுவதற்கு முன்னால் நாங்களே விரித்துக் காட்டிவிடுவோம். நான் விரித்தேன். பாதி விலை இரை, வெள்ளைப் புள்ளி, போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும்.

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "எத்தனை நாள் பட்டினி?"

"சரியா சாப்பிட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருந்தது மாமா. இப்ப மூணு வாரமா நல்லா சாப்பிடறான்."

"நெத்தி இன்னும் நிரம்பலை."

"நிரம்பிக்கிட்டு இருக்கு."

"வால்ல ஒரு வெட்டு இருக்கு."

"அது நீங்க கொண்டுவந்து விட்டப்பவே இருந்தது."

"சரி" என்று ஒத்துக்கொண்டார். எடைமேடைக்காரர், உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர். தடியை ஊன்றிச் சின்னத் தொட்டிப் பக்கம் போனார். இரண்டாவது ஈடு முட்டை விட்டிருந்தது. அந்தத் தாய் சட்டிக்குள்ளிருந்து அவர் மூக்கை நோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் இடித்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். புதுக் காலால் வைத்தார், தடுமாறவில்லை.

"இதுல வாரத்துக்கு எத்தனை தேறும்?"

"இருபது எடுக்கலாம். அதுக்கு மேல எடுக்க உங்க பொண்ணு விடமாட்டா."

"இருபது போதும்." மகளைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட அடுத்த காலுக்குத் தேதி கேளு. இவன் இங்கேயே இருக்கட்டும்."

"சரிப்பா."

"மாப்பிள்ளை, காலையில போன் பண்ணுவேன். சாப்பிடலைன்னா சாப்பிடலைன்னு சொல்லுங்க. கால் என்னுது, எனக்குத் தெரியணும்."

பிறகுதான் நாற்காலி கேட்டார். நான் தொட்டிக்கு நேராகப் போட்டேன். மறைக்கிறேன் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.