தலைவர் வரும்வரை தண்ணீர்

ஏரி நிரம்ப இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. விடிந்ததிலிருந்தே மதகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும். ஆனால் தலைவர் வந்து பொத்தானை அழுத்திப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் தண்ணீர் வெளியேறலாம் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். தலைவர் மதியத்துக்கு மேல்தான் வருவாராம்.

அதுவரை தேக்கி மொத்தமாகத் திறந்தால் கரையோரத் தெரு கூரைவரை மூழ்கும். மதகுக்காரரின் தங்கை அங்கேதான் கைக்குழந்தையோடு இருந்தாள். அவர் போன் செய்தார்.

“உடனே மேட்டுக்குப் போயிடும்மா.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே. மூட்டை கட்டினதுதான் மிச்சம். போண்ணே, போய் வேலையைப் பாரு.”

அவர் வேலையைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் முதல் மதகை ஒரு அடி தூக்கினார். பிறகு இரண்டாவதை.

மதியம் தலைவர் பொத்தானை அழுத்தினார். காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அனுமதியின்றித் திறந்ததற்கான சஸ்பெண்ட் உத்தரவு மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

“பாத்தியாண்ணே, முழங்காலோட நின்னுடுச்சு. நீ சும்மா பயமுறுத்துறே.”

“அடுத்த வருஷம் யார் சொன்னாலும் கிளம்பிடும்மா” என்றார். மதகில் அப்போது வேறு ஆள் இருப்பான் என்பதைச் சொல்லவில்லை.