ரென்வாரின் ஆம்புலன்ஸ்

எங்கள் ஊரைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஒரே ஆவணத்தை எழுதியவள் நான்தான். நாற்பத்திரண்டு பக்கம். அதில் உண்மை என்று சொல்லத்தக்கது ஊரின் பெயரும் தேதியும் மட்டும். தேதியிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ரென்வாரில் ஊர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு எழுத்தராக நான் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊர்த் தலைவர் போனிஃபாசியுஸ் என் பெரியம்மா மகன். ஒன்பது வருடமாகத் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததுதான் காரணம். தன் திறமை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சேறும் பவளக்கல்லும் தவிர வேறு தரையே இல்லாத தீவில் வெள்ளை ஷூ போட்டுத் திரியும் ஒரே மனிதர் அவர்.

தொலைதூரத் தீவுகளில் சிறந்த ஊருக்குப் பரிசு என்று மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஊரின் முழு விவரமும் எழுதி அனுப்ப வேண்டும். நான் கேள்வியைப் படிப்பேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். கேட்டது எதுவானாலும் அங்கே இருக்கும். நூலகம் உண்டா? கோயில் அலமாரியில் ஆறு பாட்டுப் புத்தகம் இருக்கிறதே, உண்டு. சந்தை உண்டா? செவ்வாய்க்கிழமை யூலியானா ஈரப்பலா மரத்தடியில் மரவள்ளி அப்பம் விற்கிறாளே, உண்டு. கழிப்பறை நாற்பத்தொன்று என்று எழுதினேன், அது சரியான எண்ணிக்கைதான். அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. ஊரில் சிமெண்டுச் சுவரும் பூட்டும் உள்ள கட்டடங்கள் அவை மட்டுமே என்பதால் எல்லோரும் அவற்றில் விதைக் கிழங்கும் கல்யாணத் துணியும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மற்ற காரியத்துக்குக் கடற்கரை இருக்கிறது. இதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

முப்பத்தோராவது கேள்வியில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். நோயாளிகளை நகரத்துக்குக் கொண்டுபோக ஊரில் ஆம்புலன்ஸ் படகு உண்டா?

அதற்கு முந்தின மேற்குக் காற்றுக் காலத்தில் ரோசினா என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு மீன்பிடி ஓடத்தில் ஏற்றி, நகரத்துக்குப் போகத் தீவின் முனையைத் தாண்டப் பார்த்தார்கள். அலை திருப்பி அனுப்பியது. மூன்று முறை. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது அவசரம் தீர்ந்துபோயிருந்தது. குழி தோண்டும் வேலைதான் பாக்கி. இது ஊருக்கே தெரியும். போனிஃபாசியுஸும் ஒரு பிடி மண் போட்டவர்தான்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாதாம் மரத்தடியில் அவருடைய நீளப் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் எஞ்சின், விசிறி உடைந்து, அவர் வீட்டுக் கழிப்பறையில் இரண்டு வருடமாகத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுன்னு எழுது," என்றார்.

"அண்ணே, அது உங்க படகு. அதுக்கு எஞ்சின் ஓடாது."

"படகு இருக்குல்ல? ஒருத்தருக்கு முடியலன்னு வந்தா தரமாட்டேன்னா சொல்லப்போறேன்? எழுதும்மா. ஒரு ஒண்ணு போட உனக்கு என்ன வலிக்குது?"

எழுதினேன். கை வலிக்கவே இல்லை. மறுநாள் அவர் படகை நிமிர்த்திச் சிவப்புச் சிலுவை வரைந்தார். பெயின்ட் போதாமல் சிலுவைக்கு ஒரு கை குட்டையாகப் போயிற்று.

நடுவர்கள் மூன்று பேர் அக்டோபரில் வந்தார்கள். அக்டோபரில் எங்கள் கடல் தட்டில் ஊற்றிய நீர் மாதிரி இருக்கும். அந்த மாதத்தில் வந்தால் எந்த மூடனுக்கும் எங்கள் ஊர் பிடிக்கும். சுட்ட மீனும், தேங்காய் போட்ட கடற்பாசியும், இரண்டு குடுவை பனஞ்சாராயமும் உள்ளே போயின. ஒருவர் அவசரமாகக் கழிப்பறை எங்கே என்றார். நாங்கள் தடுப்பதற்குள் போனிஃபாசியுஸ் வீட்டுக் கழிப்பறைக் கதவை அவரே திறந்துவிட்டார். உள்ளே எஞ்சினைப் பார்த்தார். ஆம்புலன்ஸின் எஞ்சினை இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று பாராட்டிக் குறிப்பு எழுதினாராம். படித்தவர்களின் புத்தி எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்.

எங்களுக்கு முதல் பரிசு. பரிசு என்றால் சிமெண்டில் ஒரு வளைவு, படகுத்துறை முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில். "முன்மாதிரி ஊர் ரென்வார்" என்று எழுத்து. கடைசி இடம் தமாங்கிலுக்கு. முனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். தமாங்கில்காரர்களை நாங்கள் மனிதர்களில் சேர்ப்பதில்லை. மரவள்ளி மாவை அவர்களுக்குச் சரியாகப் பிழியக்கூடத் தெரியாது, அவர்கள் வீட்டில் சாப்பிட்டால் தலை சுற்றும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அந்த அசடுகள் படிவத்தில் கேட்டதற்கெல்லாம் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

நவம்பர் முதல் வாரம் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆம்புலன்ஸ் படகு இல்லாத பதினோரு ஊர்களுக்கு, ஊர்கள் தந்த விவரப்படி, இரட்டை எஞ்சின் படகு ஒவ்வொன்று. பட்டியலில் முதல் பெயர் தமாங்கில். நாங்கள் இல்லை. எங்களிடம்தான் ஒன்று இருக்கிறதே.

அதே வாரம் செவிலியர் மெல்கியோர் என் மகள் அகாத்தாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தை குறுக்கே கிடந்தது. திரும்பினாலும் திரும்பலாம், ஆனால் பிரசவம் இங்கே வேண்டாம், டிசம்பர் முதல் வாரப் பயணிகள் படகில் நகரத்துக்குப் போய்விடுங்கள் என்றார். அந்தப் படகு வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் ரோசினாவுக்கும் செவிலியராக இருந்தவர்.

கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது. விவரத்தில் பிழை இருந்தால் ஊர்த் தலைவர் கையெழுத்துடன் மாத இறுதிக்குள் தெரிவிக்கலாம். அதை எடுத்துக்கொண்டு போனிஃபாசியுஸிடம் ஓடினேன். அவர் வளைவுத் திறப்பு விழாவில் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். மாவட்டத் தலைவரே வருகிறார். இப்போது போய்ப் பிழை என்று சொன்னால் பரிசு போய்விடும், ஊர் மானம் போய்விடும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருடம்வரை குழந்தையை உள்ளேயே இருக்கச் சொல்லவா என்று கேட்டேன். கடவுள் இருக்கிறார் என்றார். கடவுளுக்கும் எஞ்சின் வேண்டும் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வளைவின் இடது தூண் என் அப்பாவின் தென்னந்தோப்பில் நிற்கிறது. கட்டும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. மறுநாள் காலை இளந்தென்னங்கீற்றைப் பின்னி, ஜெபம் சொல்லி, ஊர் பார்க்க வளைவின் குறுக்கே ஹவேர் கட்டினேன். எங்கள் தீவில் ஹவேர் கட்டிய மரத்தில் காய் பறிக்கமாட்டார்கள், கட்டிய வாசலைத் தாண்டமாட்டார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். போலீசுக்கும் பாதிரியாருக்கும் பயப்படாதவன்கூட அந்தக் கீற்றைப் பார்த்தால் காலை இழுத்துக்கொள்வான்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க வளைவைச் சுற்றிக்கொண்டு அலையாத்திச் சேற்றில் இறங்கித் துறைக்குப் போயிற்று. மீன்கூடையோடு, தண்ணீர்க் குடத்தோடு, என்னைத் திட்டிக்கொண்டே. ஒருவர்கூட கீற்றின் அடியில் குனியவில்லை. போனிஃபாசியுஸ் வெள்ளை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடப்பதை நான் தினமும் இரண்டு வேளை நின்று பார்த்தேன். அந்த எட்டு நாள் எனக்கு நன்றாகப் பசித்தது.

எட்டாம் நாள் சாராயமும் புகையிலையும் கொண்டுவந்து வைத்தார். கால்விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"கொர்னேலியா, அவிழ்த்துடு. மாவட்டத் தலைவர சேத்துலயா எறக்குறது?"

"கையெழுத்துப் போடுங்க. அவிழ்க்கிறேன்."

"படகே இருந்ததில்லன்னு என் கையால எழுத முடியாது." கொஞ்ச நேரம் புகையிலையைக் கசக்கினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததுமே நான் எழுந்து போயிருக்க வேண்டும். "இருந்துச்சு, மூழ்கிப்போச்சுன்னு எழுதினா?"

பரிசும் போகாது, படகும் கிடைக்கும். என்ன ஒரு மூளை! நான் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். நோயாளி ஒருவரைக் காப்பாற்றப் போகும் வழியில் எங்கள் ஆம்புலன்ஸ் படகு புயலில் மூழ்கியது என்று அவர் சொன்னார். அலையின் உயரம் மூன்று மீட்டர் என்று சேர்த்தவள் நான்.

சொன்னால் போதுமா, படம் வேண்டுமே. அன்று பிற்பகல் ஊர் கூடி அந்தப் படகைத் துறையிலிருந்து கொஞ்ச தூரம் இழுத்துப்போய், அடியில் ஓட்டை போட்டு, கல்லேற்றினார்கள். அது லேசில் மூழ்கவில்லை. நல்ல மரம். பத்துப் பேர் ஏறி நின்று மிதித்தார்கள். ஒரு விசிறி வாங்கிப் போட்டிருந்தால் அது முனையைத் தாண்டியிருக்கும் என்று அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. ரோசினாவின் புருஷனும் மிதித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

கடிதமும் படமும் போயின. நான் கீற்றை அவிழ்த்தேன். நவம்பர் கடைசியில் மாவட்டத் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார். கூட வந்த சுகாதார அதிகாரி போனிஃபாசியுஸின் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். ஆனால் இருந்த படகைக் காக்க முடியாத ஊருக்கு உடனே இன்னொன்று தர விதி இல்லை, ஒன்றுகூட இல்லாத ஊர்களுக்குத்தான் முதலில் என்றார். போனிஃபாசியுஸ் தலையாட்டினார். படம் எடுப்பவர் பக்கம் திரும்பிச் சிரிக்கவும் செய்தார். நான் வளைவின் இடது தூணில் சாய்ந்துகொண்டேன்.

அந்த வருடம் மேற்குக் காற்று மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. பயணிகள் படகு வரவில்லை. டிசம்பர் இருபதாம் தேதி காலை, நாள் இன்னும் பாக்கி இருக்கும்போதே, அகாத்தாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. குழந்தை திரும்பவே இல்லை. மெல்கியோர் போன் சிக்னல் கிடைக்கும் குன்றுக்கு ஓடினார்.

பதறாதீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள், பெண் குழந்தை. பிழைக்கவைத்தது யார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இரண்டு மணி நேரத்தில் முனையைச் சுற்றி வெள்ளைப் படகு வந்தது. இரட்டை எஞ்சின். பக்கவாட்டில் நான்கு கையும் சமமாக ஒரு சிலுவை. கீழே தமாங்கில் என்று எழுத்து. ஓட்டி வந்தவர் பவுலினுஸ், அந்த ஊர் எழுத்தர், காது கொஞ்சம் மந்தம். வேறு ஆள் இல்லாததால் ஓட்டவும் கற்றுக்கொண்டாராம். எங்கள் ஆண்கள் அகாத்தாவைப் பாயோடு தூக்கி வளைவின் அடியில் வந்தார்கள். பவுலினுஸ் அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பாயின் ஓரத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனிஃபாசியுஸ் துறையில் நின்றார், வெறுங்காலோடு.

துறையை விட்டு நகரும்போது எங்கள் படகு தண்ணீருக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. மீன்கள் குடியேறியிருந்தன. முனையில் அலை எழும்பியது. மூன்று மீட்டர் என்றால் எவ்வளவு என்று அன்றுதான் பார்த்தேன். அகாத்தா என் மணிக்கட்டைக் கடித்தாள். படகு ஏறியது, விழுந்தது, தாண்டியது.

முனைக்கு அப்பால் கடல் கொஞ்சம் அடங்கியதும் பவுலினுஸ் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதியாக வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பெயர், மகள் பெயர், வயது கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கோணல் எழுத்தில் எழுதினார். நான் மனதுக்குள்கூடச் சிரிக்கவில்லை.

"உங்க ஊர்ல சொந்தமா ஆம்புலன்ஸ் படகு இருக்காம்மா?"

"இல்ல."

"இருந்து போச்சா, இல்ல எப்பவுமே இல்லியா? ரெண்டு கட்டம் போட்டிருக்கான். எதுல குறிக்க?"

நான் சொன்னது எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை என்றார். நான் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே போய் மறுபடி சொன்னேன்.

"எப்பவுமே இல்ல."