அண்ணி ஏறிய காவல் கோபுரம்

நாத்தனார் ஒரு குளிர்தேசப் பெருநகரத்தில் பஸ் ஓட்டுகிறவள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்க்கும் அருங்காட்சியகம், ஆற்றுப்பாலம், பெரிய பூங்கா எல்லாவற்றையும் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போவாள். ஒன்றிலும் இறங்கி நின்றதில்லை. ஊரிலிருந்து அண்ணி வந்து இறங்கிய பிறகுதான் லீவு போட்டாள்.

அண்ணிக்குத் தையற்கடை. போன வருடம் ஒரு கார் மோதி இடது கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, கையில் தடியைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரைப் பார்த்தாலும் "உக்காரு, உக்காரு"தான். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

இலையுதிர் காலம். பூங்கா மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக இலைகளைக் கொட்டியிருந்தன. சருகுகள் அண்ணியின் தடிக்குக் கீழே நொறுங்கின. அருங்காட்சியகத்தில் ஏதோ ஒரு ராணியின் அங்கி முன்னால் அசையாமல் நின்றுவிட்டாள்.

"கழுத்துப்பட்டி கோணல்டி. ராணியாச்சே, யாரு போய்ச் சொல்றது?"

நாத்தனார் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ரயிலேறிப் பக்கத்து ஊருக்குப் போனார்கள். ஏரிக்கரையில் ஒரு குன்று, அதன் மேல் பழைய காவல் கோபுரம். உள்ளே சுழல் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார். கோபுரம், படிக்கட்டு என்று கேட்டதும் பதறினார்.

"நீ கீழயே உக்காரு. அவ ஏறி போட்டோ எடுத்துட்டு வரட்டும்."

"சரிங்க" என்று போனை வைத்த அண்ணி, விறுவிறுவென்று கோபுர வாசலுக்குள் நுழைந்தாள்.

"அண்ணி! அண்ணன் என்னை உரிச்சுடுவார்!"

"உரிக்கிறப்போ பாத்துக்கலாம், வா."

ஒரு கை சுவர்க் கம்பியில், ஒரு கை தடியில். நல்ல கால் முன்னே போகும், கம்பி வைத்த கால் முனகிக்கொண்டே பின்னால் வரும். பாதி உயரத்தில் சுவரில் ஒரு பெரிய திறப்பு. வெளியே வெறும் ஆகாயம். அங்கே பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுபோனது. நாத்தனார் கண்ணை இறுக மூடி, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டியிருந்தாள்.

"எனக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். இங்கயே குடியிருந்துக்கறேன்."

"லாரிக்கு நடுவுல புகுந்து ஓட்டுறவளாடி நீ?"

"அது தரையில ஓடுது அண்ணி!"

அண்ணி வலியைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, நாத்தனாரின் சில்லிட்டிருந்த கையைப் பிடித்தாள்.

"வெளிய பாக்காத. என் முதுகை மட்டும் பாரு. இந்தச் சட்டை நான் தச்சது. எங்கயாவது கோணலா இருக்கா, பாத்துச் சொல்லிட்டே வா."

"கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு, ஒண்ணும் தெரியலை."

"அப்ப நேராத்தான் இருக்குன்னு அர்த்தம். ஏறு."

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. ஏரியைச் சுற்றிக் காடு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி சிவப்பு. தூரத்தில் பெருநகரம் புகைக்கோடாகத் தெரிந்தது. அண்ணியின் கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"ஏறிட்டேன்!" என்று ஏரியைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். முன்பின் தெரியாத நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

நாத்தனார் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றை. கைப்பிடிச் சுவரை விடாமல் அக்கரையைக் காட்டினாள்.

"அண்ணி, அங்க ஒரு ஊரு தெரியுது பாருங்க. படகுல போகணும் போல."

"நாளைக்கே போறோம்" என்றாள் அண்ணி.